கோப்பு அனுப்பும் மென்பொருளுக்குப் புதுப் பதிப்பு: முதல் முறை வெளியிடுபவருக்கு

கோப்பு அனுப்பும் பழைய மென்பொருளான கெர்மிட்டின் சி மொழிப் பதிப்பு சி-கெர்மிட். அதன் மூல நிரலை இறக்கி யூனிக்ஸ் கணினியில் 'மேக்' (make) என்ற தொகுப்புக் கட்டளையை ஓடவிட்டுப் பார்த்தவர்கள் ஒரு கணம் குழம்பியிருப்பார்கள். எல்லாம் நல்லபடி முடிந்திருக்கும், ஆனால் கோப்புறையில் 'கெர்மிட்' என்று எதுவும் இருக்காது. 'வெர்மிட்' என்று ஒன்று உட்கார்ந்திருக்கும். எழுத்துப்பிழை இல்லை. முதலில் இதை ஓட்டிப் பாருங்கள், சரியாக இருந்தால் நீங்களே 'கெர்மிட்' என்று பெயர் மாற்றி உரிய இடத்தில் வையுங்கள் என்பது ஏற்பாடு. வேலை செய்துகொண்டிருக்கும் பழையதைப் புதியது வந்த வேகத்தில் மிதித்துவிடக் கூடாது.

வெளியீட்டு வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்கு நான் முதலில் காட்டுவது இந்த வெர்மிட்டைத்தான். கெர்மிட் 1981-இல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பிராங்க் டா குரூஸ், பில் கேட்சிங்ஸ் இருவரும் தொடங்கியது. மையக் கணினியில் மாணவர்களின் கோப்புகளை வைக்க வட்டில் இடம் போதவில்லை. ஃப்ளாப்பியில் எழுதி அவர்கள் கையிலேயே கொடுத்துவிட வேண்டும். டெக்-20, ஐபிஎம் பெருங்கணினி, சிபி/எம் ஓடும் சின்னக் கணினி என்று ஒன்றுக்கொன்று ஒத்துவராத பெட்டிகள். இவற்றைப் பேச வைத்த நெறிமுறைக்குத் தொலைக்காட்சி பொம்மைத் தவளையின் பெயரை, உரிமையாளர்களிடம் அனுமதி கேட்டு வைத்தார்கள். 2011-இல் பல்கலைக்கழகம் இத்திட்டத்தை மூடியபோது சி-கெர்மிட் 9.0 பிஎஸ்டி உரிமத்தில் திறந்த மூலமாக வெளிவந்தது.

இப்போது உங்கள் கையில் அதுபோன்ற ஒரு மென்பொருள் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். கோப்பு அனுப்பும், தொலைவிலுள்ள கணினியோடு பேசும். அடுத்த பதிப்பை வெளியிடும் பொறுப்பு உங்கள் தலையில் விழுந்திருக்கிறது. படம் திருத்தும் மென்பொருளைப் புதுப்பித்தால் அந்தக் கணினியோடு கதை முடிந்தது. இங்கே உங்கள் பதிப்பு ஒரு முனையில்தான் போய் உட்காரும். மறுமுனையில் என்ன இருக்கிறது என்பது உங்கள் கையில் இல்லை. ஏதோ ஒரு ஆலையில் பத்து வருடமாக யாரும் தொடாத ஒரு பெட்டியாகக்கூட இருக்கலாம். கீழே வரும் படிகளில் பாதி இந்த ஒரு காரணத்துக்காகத்தான்.

படி 1: கதவைச் சாத்துங்கள்

வெளியீட்டு நாளுக்கு இரண்டு வாரம் முன்பே புது வசதிகளைச் சேர்ப்பதை நிறுத்துங்கள். அதன் பிறகு உள்ளே வருவது பக் (நிரல் பிழை) திருத்தங்கள் மட்டும். 'இது சின்ன மாற்றம்தான், யாரையும் பாதிக்காது' என்று ஒருவர் கடைசி நாளில் வருவார். கட்டாயம் வருவார். அடுத்த பதிப்பில் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லப் பழகுங்கள்.

பதிப்பு எண்ணை ஒரே இடத்தில் வையுங்கள். நிரலில் ஒன்று, நிறுவியில் ஒன்று, உதவிப் பக்கத்தில் ஒன்று என்று மூன்று இடத்தில் இருந்தால் என்றைக்காவது ஒன்றை மறப்பீர்கள். மூன்று பகுதி எண் முறை போதும்: பழையதோடு ஒத்துப்போகாத மாற்றம் இருந்தால் முதல் எண் ஏறும், புது வசதி என்றால் நடு எண், வெறும் திருத்தம் என்றால் கடைசி எண். சி-கெர்மிட்டின் வழக்கம் சற்றே வேறு. அதன் 9.0.302-இல் உள்ள 302, நிரல் எத்தனையாவது திருத்தத்தில் இருக்கிறது என்பதைச் சொல்லும் எண்; பதிப்பு மாறினாலும் அது தொடர்ந்து ஏறிக்கொண்டே போகும். பக் சொல்ல வருபவர் அந்த ஒரு எண்ணைச் சொன்னால் போதும், எந்த நிரலைப் பற்றிப் பேசுகிறார் என்று தெரிந்துவிடும்.

படி 2: பழையதோடு பேச வையுங்கள்

எல்லாப் படிகளையும்விட இதற்குத்தான் நேரம் ஒதுக்க வேண்டும். பலர் புதியதிலிருந்து புதியதற்கு ஒரு கோப்பை அனுப்பிப் பார்த்துவிட்டு 'டெஸ்ட் ஆச்சு' என்று எழுதிவிடுவார்கள். நிஜ உலகில் முதல் சில மாதங்களுக்கு அந்தச் சேர்க்கைதான் மிகவும் அரிது.

ஒரு தாளில் கட்டம் போடுங்கள். இடப்பக்கம் அனுப்புபவர், மேலே பெறுபவர். இரண்டு பக்கமும் புதிய பதிப்பு, முந்தைய பதிப்பு, இன்னும் புழக்கத்திலிருக்கும் மிகப் பழைய பதிப்பு. ஒன்பது கட்டம். ஒவ்வொன்றிலும் மூன்று சோதனை: ஒரு கோப்பு முழுதாகப் போகிறதா, பாதியில் இணைப்பை அறுத்தால் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறதா, மறுப்பு வந்தால் புரிகிற மாதிரி பிழைச்செய்தி தருகிறதா. மூன்றாவதை விட்டுவிடாதீர்கள். கோப்பு போகவில்லை என்பதைப் பயனர் பொறுத்துக்கொள்வார். போய்விட்டதாகச் சொல்லிவிட்டுப் போகாமல் இருந்தால் பொறுக்க மாட்டார்.

இந்த விஷயத்தில் கெர்மிட் ஒரு நல்ல பாடம். கோப்பைப் பாக்கெட் என்ற சிறு துண்டுகளாக்கித்தான் அது அனுப்பும். ஆரம்பத்தில் பாக்கெட்டின் நீளத்தை அச்சிடக்கூடிய ஒரே எழுத்தால் குறித்தார்கள். அதனால் நீளம் 94-ஐத் தாண்ட முடியாது. பிறகு 9,024 பைட் வரை போகும் நீள பாக்கெட் வந்தது. ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் பதிலுக்குக் காத்திராமல் அடுத்தடுத்து அனுப்பும் முறையும் வந்தது. ஆனாலும் பழைய கெர்மிட்டுகள் செத்துப்போகவில்லை. எப்படி? பேச்சைத் தொடங்கும் முதல் பாக்கெட்டில் 'எனக்கு இதெல்லாம் தெரியும்' என்று ஒரு முனை வரிசையாகச் சொல்லும். மறுமுனை தனக்குப் புரிந்தவரை படித்துவிட்டு, 'எனக்கு இவ்வளவுதான்' என்று பதில் தரும். பட்டியல் குட்டையாக இருந்தால் மீதிக்கு இயல்பு மதிப்பு; புரியாத பகுதி இருந்தால் கண்டுகொள்ளாமல் விட்டுவிட வேண்டும். இருவருக்கும் பொதுவானதை வைத்துப் பேச்சு நடக்கும். உங்கள் நெறிமுறையில் இப்படி ஒரு கைகுலுக்கல் இல்லையென்றால், வேறு எந்தப் புது வசதிக்கும் முன்னால் அதைச் சேர்க்கும் பதிப்பை வெளியிடுங்கள்.

இயல்பு மதிப்பு பற்றி ஒரு வார்த்தை. கெர்மிட் மெதுவானது என்ற கெட்ட பெயருக்கு முக்கியக் காரணம் நெறிமுறை இல்லை. எவ்வளவு மோசமான தொலைபேசிக் கம்பியிலும் வேலை செய்ய வேண்டும் என்று சின்ன பாக்கெட்டை இயல்பாக வைத்திருந்தார்கள். அமைப்பை மாற்றினால் நன்றாக ஓடும், ஆனால் யார் மாற்றினார்கள்? பயனருக்கு உங்கள் மென்பொருள் என்றால் அதன் இயல்பு அமைப்புதான். அதை மாற்றுவதும் அவர் கண்ணுக்குப் புது வசதி சேர்ப்பதைவிடப் பெரிய மாற்றம்.

சில நேரம் பழையதை உடைத்தே ஆக வேண்டியிருக்கும். தொலைவிலுள்ள கணினியோடு பாதுகாப்பாக இணைக்கும் மென்பொருளான ஓப்பன்எஸ்எஸ்எச் 2022 ஏப்ரலில் 9.0 பதிப்பை வெளியிட்டபோது, பல பத்தாண்டுகளாக இருந்த, கோப்பு நகலெடுக்கும் 'எஸ்சிபி' கட்டளை உள்ளுக்குள் பழைய நெறிமுறையை விட்டு எஸ்எஃப்டிபி என்ற வேறொரு நெறிமுறைக்கு மாறியது. கட்டளையின் பெயர் அதேதான், மறுமுனையில் எஸ்எஃப்டிபி இல்லாத சின்ன ரவுட்டர்களுக்கு மட்டும் கோப்பு போகாமல் நின்றது. பழைய வழிக்குத் திரும்ப ஒரு பெரிய எழுத்து 'ஓ' விருப்பத்தை வைத்திருந்தார்கள். மாற்றம் வரப்போகிறது என்று முந்தைய பதிப்பின் குறிப்புகளிலேயே எச்சரித்தும் இருந்தார்கள். உடைத்தால் இப்படி உடையுங்கள்: முன்கூட்டிச் சொல்லி, திரும்பிப் போக ஒரு கதவை வைத்து.

படி 3: எந்தக் கோப்பு யாருக்கு

சி-கெர்மிட்டின் மூலக் கோப்புகளின் பெயரைப் பார்த்தாலே அமைப்பு புரியும். 'சிகேசி' என்று தொடங்கினால் எல்லா இயங்குதளத்துக்கும் பொது. 'சிகேயு' யூனிக்ஸுக்கு, 'சிகேவி' விஎம்எஸ் என்ற பழைய இயங்குதளத்துக்கு. நெறிமுறை எழுதிய கைக்கு வட்டில் கோப்பு எப்படித் திறக்கிறது என்று தெரிய வேண்டியதில்லை. ஓப்பன்எஸ்எஸ்எச் இன்னொரு வழி: முதலில் ஓப்பன்பிஎஸ்டி என்ற யூனிக்ஸ் வகை இயங்குதளத்துக்கு மட்டும் சுத்தமாக எழுதுவார்கள், மற்ற இயங்குதளங்களுக்கு ஏற்ப ஒட்டுப்போட்டதை எண்ணுக்குப் பின்னால் 'பி1' என்று சேர்த்து வெளியிடுவார்கள்.

இரண்டில் எதுவானாலும் வெளியிடுபவராக நீங்கள் கவனிக்க வேண்டியது ஒன்றே: முந்தைய பதிப்புக்கும் இதற்கும் இடையே இயங்குதளம் சார்ந்த வரிகளில் எது மாறியது? அந்த வித்தியாசத்தை மட்டும் தனியாக எடுத்து, டீயை ஓரமாக வைத்துவிட்டு, வரி வரியாகப் படியுங்கள். ஓப்பன்எஸ்எஸ்எச்சில் 2024 ஜூலையில் வெளியே தெரிந்த 'ரெக்ரெஷன்' என்ற பாதுகாப்பு ஓட்டையின் கதை இதுதான். 2006-இல் அடைத்த ஓட்டை. 8.5பி1 பதிப்புக்கான ஒரு மாற்றத்தில், நிரலின் ஒரு பகுதியைச் சேர்ப்பதா விடுவதா என்று தீர்மானிக்கும் 'இஃப்டெஃப்' வரி ஒன்று தவறுதலாக நீங்கிவிட்டது. ஜிலிப்சி என்ற அடிப்படை நிரல் நூலகத்தைப் பயன்படுத்தும் லினக்ஸில் ஓட்டை திரும்பத் திறந்தது. 9.8-இல் அடைத்தார்கள். மூல நிரலின் தாய்வீடான ஓப்பன்பிஎஸ்டிக்கு ஒரு பாதிப்பும் இல்லை. உங்கள் மேசையில் இருக்கும் இயங்குதளத்தில் நன்றாக ஓடுகிறது என்பது எவ்வளவு அற்பமான சான்று என்று இதைப் பார்த்தால் தெரியும். ஒவ்வொரு பழைய பக்குக்கும் ஒரு சோதனை எழுதி வையுங்கள். அது எல்லா இயங்குதளத்திலும் ஓட வேண்டும்.

படி 4: கோப்புகளை வைத்து வதையுங்கள்

சோதனைக்கென ஒரு கோப்புறை வைத்துக்கொள்ளுங்கள். என்னுடையதில் இருப்பவை: பூஜ்யம் பைட் கோப்பு ஒன்று. 2,147,483,647 பைட்டுக்கு ஒரு பைட் அதிகமாக ஒன்று (32 பிட் கணக்கு எங்காவது மிச்சமிருந்தால் இங்கே மாட்டும்). 4 ஜிபியைத் தாண்டியது ஒன்று. ஃபேட்32 என்ற பழைய கோப்பு முறையிலுள்ள பென்டிரைவில் இது ஏறாது, ஏறாதபோது உங்கள் மென்பொருள் என்ன சொல்கிறது என்று பார்க்க வேண்டும். பெரிய எழுத்து, சிறிய எழுத்து மட்டும் மாறிய ஒரே பெயருள்ள இரண்டு கோப்புகள். லினக்ஸில் இரண்டு, விண்டோஸில் ஒன்று மற்றதை விழுங்கிவிடும். 'ஆக்ஸ்' (aux) என்று ஆங்கிலத்தில் பெயரிட்ட ஒரு கோப்பு. விண்டோஸ் அதைச் சாதனத்தின் பெயராக எடுத்துக்கொள்ளும். பெயரில் முக்காற்புள்ளி உள்ள ஒன்று.

அப்புறம் தமிழ்ப் பெயர்கள். இதை நம் ஆட்கள் செய்யாவிட்டால் வேறு யாரும் செய்யப்போவதில்லை.

'கொய்யா' என்று ஒரு கோப்புக்குப் பெயர் வையுங்கள். முதல் எழுத்தான 'கொ'வை யூனிகோடில் இரண்டு வழியில் எழுதலாம்: ககரமும் ஒகரக் குறியும் என்று இரண்டு குறியீடாக, அல்லது ககரம், ஒற்றைக் கொம்பு, கால் என்று மூன்றாக. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், உள்ளே பைட்டுகள் வேறு. நம் விசைப்பலகைகள் பொதுவாக முதல் வகையைத்தான் தரும். மேக்கின் பழைய கோப்பு முறையான எச்எஃப்எஸ் பிளஸ் எல்லாப் பெயரையும் பிரித்து இரண்டாம் வகையாக்கித்தான் வைக்கும். லினக்ஸிலிருந்து அந்த மேக்குக்கு 'கொய்யா'வை அனுப்பி, அங்கிருந்து திருப்பி வாங்குங்கள். லினக்ஸ் கோப்புறையில் இப்போது இரண்டு 'கொய்யா' இருக்கும். ஒன்றை அழித்தால் மற்றது நிற்கும். மென்பொருள் பைத்தியமாகிவிட்டது என்றுதான் பயனர் நினைப்பார். பெயர்களை ஒப்பிடும் முன் இரண்டையும் ஒரே வகைக்கு மாற்றிவிட்டு ஒப்பிட வேண்டும், அவ்வளவுதான் மருந்து.

அடுத்தது நீளம். லினக்ஸின் வழக்கமான கோப்பு முறைகளில் ஒரு பெயருக்கு 255 பைட். யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட். ஆக 85 குறியீடுதான் கொள்ளும். 'கோப்பு' என்ற மூன்றெழுத்துக்கே ஆறு குறியீடு, 18 பைட். கணக்குப் போட்டால் ஐம்பது எழுத்தைத் தாண்டுவதற்குள் பெயர் நிரம்பிவிடும். விண்டோஸின் என்டிஎஃப்எஸ் 255 என்று சொல்வது பைட்டை இல்லை, 16 பிட் அலகை. அங்கே தமிழ்க் குறியீடு 255 வரை போகும். கடிதத்தின் பொருள் முழுவதையும் கோப்புப் பெயராகவே தட்டி வைக்கும் அலுவலகங்கள் உண்டு. அந்தக் கோப்பு விண்டோஸில் சுகமாக இருந்துவிட்டு லினக்ஸ் சர்வருக்குப் போகும்போது நிற்கும். பெயரை நடுவில் வெட்டி அனுப்பலாமா, மறுக்கலாமா என்பது உங்கள் முடிவு. என் கட்சி மறுப்பதுதான். வெட்டினால் ஒரே தொடக்கமுள்ள இரண்டு கடிதங்களில் ஒன்று மற்றதன்மேல் ஏறிவிடும்.

உரைக் கோப்புகளை வரி முடிவு மாற்றியோ குறியாக்கம் மாற்றியோ அனுப்பும் வசதி இருந்தால், யூனிகோடுக்கு முந்தைய தமிழ்க் குறியாக்கமான டிஸ்கியில் எழுதிய பழைய கோப்பு ஒன்றையும் சோதனையில் சேருங்கள். அதை யாரோ ஐரோப்பிய எழுத்து என்று நினைத்து யூனிகோடாக 'மாற்றிவிட்டால்' பிறகு மீட்பது பெரும்பாடு.

படி 5: பில்ட்

பில்ட் என்றால் மூல நிரலை ஓடும் மென்பொருளாக்குவது. லினக்ஸுக்கு உங்கள் புத்தம்புது மடிக்கணினியில் அதைச் செய்யாதீர்கள். ஆதரிக்க விரும்பும் மிகப் பழைய லினக்ஸ் விநியோகத்தில் (டிஸ்ட்ரோ) செய்யுங்கள். புதியதில் செய்தால், பழைய கணினியில் 'ஜிலிப்சி 2.34 கிடைக்கவில்லை' என்ற மாதிரி ஒரு வரியோடு திறக்காமலே போகும். பழையதில் செய்தது புதியதில் பொதுவாக ஓடும், தலைகீழாக ஓடாது.

மேக்கில், காட்டலினா (மேக்ஓஎஸ் 10.15) முதல், ஆப்பிளின் சரிபார்ப்புக்கு அனுப்பி முத்திரை வாங்காத மென்பொருளைத் திறக்க விடாமல் கணினி மிரட்டும். அதற்கு ஆப்பிள் டெவலப்பர் கணக்கு வேண்டும், ஆண்டுக்கு 99 டாலர். விண்டோஸிலும் கையெழுத்திடாத நிறுவியைப் பார்த்தால் நீலத் திரை எச்சரிக்கை வரும். தன்னார்வலர்கள் நடத்தும் திட்டத்துக்கு இது கையைக் கடிக்கிற செலவுதான். ஆனால் ஊர்பேர் தெரியாத கணினிகளிலிருந்து கோப்பு வாங்கும் மென்பொருள் இது. எச்சரிக்கையைத் தாண்டிப் போங்கள் என்று பயனருக்கு நாமே சொல்லிக்கொடுப்பது எனக்குப் பிடிக்கவில்லை. சான்றிதழ் காலாவதி தேதியை இப்போதே நாட்காட்டியில் குறித்து வையுங்கள்.

படி 6: பொட்டலம் கட்டி முத்திரை வைப்பது

நிரலின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட்டில் (Git) பதிப்பு எண்ணோடு கையெழுத்திட்ட டேக் (அடையாளப் பெயர்) போடுங்கள். மூலப் பொதி அந்த டேக்கிலிருந்தே தானாக உருவாக வேண்டும். யாருடைய கணினியிலிருந்தும் கையால் சுருட்டிப் போடக் கூடாது. 2024 மார்ச்சில் வெளியே வந்த எக்ஸ்இசட் (கோப்புகளைச் சுருக்கும் மென்பொருள்) விவகாரம் இந்த இடைவெளியில்தான் நுழைந்தது. 5.6.0, 5.6.1 பதிப்புகளின் வெளியீட்டுப் பொதியில் இருந்த ஒரு பில்ட் கோப்பு கிட்டில் இல்லவே இல்லை. பின்வாசலைத் திறந்துவிட்டது அந்தக் கோப்புதான். தன் எஸ்எஸ்எச் உள்நுழைவு அரை விநாடி தாமதமாவதைக் கவனித்து ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற மென்பொருள் பொறியாளர் துருவியதால் வெளியே வந்தது. கிட்டை மட்டும் படித்தவர்கள் கண்ணில் எதுவும் பட்டிருக்காது.

பொதியை உருவாக்கிய பிறகு வேறொருவர் வேறொரு கணினியில் அதைப் பிரித்து, டேக்கோடு ஒப்பிட்டு, ஒரு முறை பில்ட் செய்து பார்க்கட்டும். ஒவ்வொரு கோப்புக்கும் ஷா-256 தொகையை (கோப்பு மாறினால் மாறிவிடும் சரிபார்ப்பு எண்) எழுதி, அந்தப் பட்டியலுக்கு ஜிபிஜி என்ற கருவியால் மின்கையெழுத்து இடுங்கள். தொகையை மட்டும் அதே சர்வரில் வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்காதீர்கள். பொதியை மாற்ற முடிந்தவனுக்குத் தொகையை மாற்றவா தெரியாது?

படி 7: வெளியீட்டுக் குறிப்பு

'பல திருத்தங்களும் மேம்பாடுகளும்' என்று எழுதினால் எழுதாமலே இருக்கலாம். இப்படி எழுதுங்கள்:

"இந்தப் பதிப்பிலிருந்து இடையில் அறுந்த பரிமாற்றம் தானாகவே தொடரும். மறுமுனையில் 3.2-க்கு முந்தைய பதிப்பு இருந்தால் தொடராது, முதலிலிருந்து அனுப்பும். பழைய நடத்தையே வேண்டுமென்றால் அமைப்புகளில் 'தானாகத் தொடர்' என்பதை அணைத்துவிடுங்கள்."

என்ன மாறியது, யாருக்குப் படும், பட்டால் என்ன செய்வது. மூன்றும் வந்துவிட்டது. ஒத்துப்போகாத மாற்றங்களை எப்போதும் மேலே வையுங்கள், பாதுகாப்புத் திருத்தம் இருந்தால் அதற்கும் மேலே. பக்கைக் கண்டுபிடித்துச் சொன்னவர்களுக்கு, அவர்கள் சம்மதத்தோடு, பெயர் சொல்லி நன்றி போடுங்கள். காசு கிடைக்காத வேலையில் அதுதான் சம்பளம்.

படி 8: வெளியிடும் நாள்

வெள்ளி மாலை வேண்டாம். நான் ஒரு முறை வெளியிட்டேன். சின்ன மென்பொருள், கையில் எண்ணக்கூடிய பயனர்கள். லினக்ஸ் நிறுவல் ஸ்கிரிப்டில் கடைசி நேரத்தில் ஒரு வரியை விண்டோஸ் கணினியில் திருத்தியிருந்தேன். எடிட்டர் எல்லா வரி முடிவையும் விண்டோஸ் பாணிக்கு மாற்றிவிட்டது. 'பேட் இன்டர்ப்ரிட்டர்' என்று முதல் வரியிலேயே நின்றது. வரி முடிவுகளை இயங்குதளத்துக்கேற்ப மாற்றித் தருகிறோம் என்று பெருமையடித்துக்கொள்ளும் மென்பொருளின் நிறுவியிலேயே இப்படி. முதல் மடல் வந்தபோது நான் ஊருக்குப் போகும் பேருந்தில் இருந்தேன். திங்கள்வரை அது அப்படியே கிடந்தது.

செவ்வாய் காலை நல்ல நேரம் (ராகு காலம் உங்கள் விருப்பம்). வரிசை இது: முதலில் கோப்புகளை ஏற்றுங்கள். நீங்களே வெளியிலிருந்து, மொபைல் இணைப்பில், ஒரு சாதாரணப் பயனர் மாதிரி இறக்கி, தொகையைச் சரிபார்த்து, மூன்று இயங்குதளத்திலும் நிறுவுங்கள். அதன் பிறகு அறிவிப்பு. தானாகப் புதுப்பிக்கும் வசதி இருந்தால் அதைக் கடைசியாக, முதலில் சிறு பங்கினருக்கு மட்டும் திறந்துவிடுங்கள். இரண்டு மூன்று நாள் அமைதியாக இருந்தால் எல்லோருக்கும்.

தவறு தெரிந்தால் ஏற்றிய கோப்பைச் சத்தமில்லாமல் மாற்றி வைக்காதீர்கள். ஒரே எண்ணில் இரண்டு விதமான கோப்பு உலவ ஆரம்பித்தால் எந்தப் புகாரையும் நம்ப முடியாது. கடைசி எண்ணை ஒன்று கூட்டி மறுபடி வெளியிடுங்கள். ஒரே வாரத்தில் மூன்று பதிப்பு வந்தாலும் வெட்கமில்லை.

எல்லாம் ஓய்ந்ததும் இறக்கப் பக்கத்தைச் சுத்தம் செய்கிறேன் என்று பழைய பதிப்புகளை அழித்துவிடாதீர்கள். 'பழையவை' என்று தனியாக ஒரு பக்கம் போட்டு, பாதுகாப்புக் குறை உள்ளவற்றில் அதையும் எழுதி, அங்கேயே வைத்திருங்கள். தொடக்கத்தில் சொன்ன ஆலைப் பெட்டி ஒரு நாள் பழுதாகும். அன்றைக்கு அதே பழைய பதிப்பைத் தேடிக்கொண்டு ஒருவர் வருவார். படி 2-இல் போட்ட உங்கள் ஒன்பது கட்டத் தாளில் மிகப் பழைய பதிப்பு என்று எதை எழுதலாம் என்பதையும் அவரிடமே கேட்டுக்கொள்ளலாம்.